சீனியம்மாளின் ஆடுகளும் ஒரே ஒரு செடியும்

நாகமலை அடிவாரத்தில் இருபது வருடமாக வெள்ளாடு மேய்க்கும் சீனியம்மாளுக்கு, தான் ஒரு கொலைகாரி என்பது முந்தாண்டு ஆடியில்தான் தெரியவந்தது. தெரிவித்தவர் பேராசிரியர் சிவக்குமார். நகரத்துக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் நடத்துகிறவர். பாறை இடுக்கில் முழ உயரத்தில் நின்ற செடியைப் பார்த்ததும் கும்பிடாத குறையாக உட்கார்ந்துவிட்டார். அறுபது வருடமாக யார் கண்ணிலும் படாத இனமாம். யார் கண்ணிலும் என்றால் படித்தவர்கள் கண்ணில். சீனியம்மாள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் ஆடுகளும் வருடாவருடம் அதன் நுனியைக் கடித்துக்கொண்டுதான் இருந்தன.

அந்த ஆடுகளால்தான் இனமே அழிந்தது என்று சார் தீர்ப்புச் சொன்னார். மிச்சமிருப்பது இது ஒன்றுதான், இனி இந்தச் சரிவில் ஆடு ஏறக்கூடாது, பூத்தால் உடனே போன் பண்ண வேண்டும் என்று உத்தரவும் போட்டார்.

சீனியம்மாளுக்கு உண்மையிலேயே உறுத்தியது. அன்றைக்கே கருவேல முள்ளை வெட்டிச் செடியைச் சுற்றி அடைத்தாள். பதினோரு ஆட்டையும் நாலுவழிச்சாலைக்கு அந்தப் பக்கம் ஓட்டினாள். சாலையில் லாரி ஏறி ஒரு கிடாய் செத்தது. கோடை பூராவும் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். பெற்ற பிள்ளைகளைக்கூட இம்புட்டுப் பார்க்கவில்லையே என்று புருஷன் வீரணன் குத்திக்காட்டினார். ஐப்பசி மழைக்குச் செடி பூத்தது. தண்ணீர் சுமந்த கையாலேயே சாருக்குப் போன் பண்ணினாள்.

மறுநாள் சாயங்காலம் ஆடுகளோடு திரும்பினால், முள்வேலி ஒழுங்காக ஓரமாக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. செடி இருந்த இடத்தில் குழி. எவனோ களவாண்டுவிட்டான் என்று பதறி, பத்து நாள் ஊரெல்லாம் விசாரித்துவிட்டு, பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனாள்.

சார் சிரித்த முகமாகப் பீரோவைத் திறந்து காட்டினார். கெட்டி அட்டையில், பூவும் இலையும் வேரும் விரித்து ஒட்டப்பட்டுக் காய்ந்து கிடந்தது செடி. கீழே, கண்டுபிடித்தவர் முனைவர் சிவக்குமார் என்று அச்சடித்த சீட்டு. இனம் அழியவில்லை என்று நிரூபிக்க முழுச் செடியும் வேண்டுமாம்.

"இனி இதுக்கு அழிவே இல்லம்மா. நூறு வருஷம் ஆனாலும் இப்படியே இருக்கும். பூச்சி மருந்துகூடப் போட்டிருக்கேன்."

சீனியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"எங்க ஆடு எம்புட்டோ தேவலை சார். அது வேரை விட்டுட்டுத்தான் திங்கும்."