பறக்கும் பல்லிக்குச் சாட்சி

எங்கள் வீட்டு ஹாலில், குழல் விளக்குக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது. யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது அது 'ச்சு ச்சு' என்றால் போதும், பேசிய பேச்சு உண்மையாகிவிட்டது என்று அர்த்தம். அம்மா உடனே விரலை மடக்கித் தரையில் தட்டுவாள். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலை பார்த்த அப்பா, பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நாற்காலிக் கையைத் தட்டுவார். கேட்டால் "கை மரத்துப்போச்சு" என்பார். மகா விஞ்ஞானி!

அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர். தினம் பஸ்ஸில் நசுங்கிப் போய் நசுங்கி வருவாள். காய்ச்சல் அடித்தாலும் லீவு போடமாட்டாள். அந்த வேலை மேல் அவளுக்கு அப்படி ஒரு உயிர்.

நான் மூன்றாவது படித்த வருஷம். ஒருநாள் சாயங்காலம் அத்தை தன் புத்தகத்தில் ஒரு படம் காட்டினாள். பாறை உச்சியில் உட்கார்ந்திருந்த, டைனோசர் காலத்துப் பறக்கும் ஊர்வன ஒன்று. எனக்கு அது பறக்கும் பல்லி. அத்தை தன் மோதிர விரலை நீட்டி, "இந்த ஒத்தை விரல்தான் நீண்டு நீண்டு றெக்கையைத் தாங்குச்சு" என்றாள். றெக்கையை விரித்தால் எங்கள் ஹாலில் அது திரும்பக்கூட முடியாதாம்.

"எல்லாம் செத்துப்போச்சா? ஒண்ணுகூடவா மிஞ்சல?"

என் முகம் போன போக்கைப் பார்த்து அத்தைக்கு மனசு கேட்கவில்லை. "எங்கேயாவது ஒண்ணு மிஞ்சியிருக்கும்டி" என்றாள்.

ச்சு ச்சு!

அம்மா தரையில் தட்டிவிட்டாள். "அதெல்லாம் அழிஞ்சு கோடிக்கணக்கான வருஷம் ஆச்சு" என்று அப்பா ஆரம்பித்தார். ஆனால் அதற்குள் அவர் கையும் தட்டி முடித்திருந்தது. அப்புறம் என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது? பறக்கும் பல்லி உயிரோடு இருக்கிறது என்பது எங்கள் வீட்டில் அன்றோடு முடிவாயிற்று.

அடுத்த மாதம் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அங்கே பக்கத்துத் தொழிற்பேட்டையில் வேலை. வந்ததிலிருந்து குனிந்த தலை நிமிரவில்லை. பேசினதெல்லாம் அவருடைய அம்மாதான்.

"பொண்ணு லட்சணமா கீது. ஆனா கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்கெல்லாம் போவ வோணாம். எங்க வூட்ல இன்னா கொறச்சல்?"

ச்சு ச்சு!

பழக்கதோஷம், எல்லோரும் தட்டிவிட்டார்கள். "பாத்தீங்களா, பல்லியே சொல்லிடுச்சு!" என்று அந்த அம்மா பூரித்துப்போனார். நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் அதை உருவிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இதே பல்லிதாங்க, பறக்கும் பல்லி இன்னும் உயிரோட இருக்குன்னும் சொல்லிச்சு" என்றாள் அத்தை.

அம்மா காபித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். போச்சு, சம்பந்தம் கைநழுவிப் போச்சு என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. அப்போதுதான் மாப்பிள்ளை தலையை நிமிர்த்தினார். அத்தையை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"நெஜமாவா? எங்க கீதாம்?"

படத்தில் அது பாறை மேல் இருந்தது. எனக்குத் தெரிந்த பெரிய பாறையெல்லாம் ஒரே ஊரில்தான். "மாமல்லபுரத்துல. சாயங்காலம் வரும்" என்றேன்.

"அப்ப ஞாயித்துக்கெழம போய்ப் பாத்துடலாம்."

அவருடைய அம்மா முறைத்தார். குழந்தை ஆசைப்படுகிறது என்று மாப்பிள்ளை சாதித்துவிட்டார். எவ்வளவு நல்ல மனுஷர், எனக்காக இவ்வளவு தூரம் வருகிறாரே என்று நான் உருகிப்போனேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் மணலில் சுண்டலோடு உட்கார, நாங்கள் மூன்று பேரும் சற்றுத் தள்ளி ஒரு பாறை மேல் காத்திருந்தோம். வெயில் தாழ்ந்த நேரம். கடல் பக்கமிருந்து வந்தது ஐயா அது! பெரிய றெக்கை, மடங்கிய கழுத்து, முழ நீள அலகு. "பறக்கும் பல்லி!" என்று அலறினேன். கீழேயிருந்து அப்பா, "அது கூழைக்கடாங்கிற பறவை..." என்று ஆரம்பித்தார். அம்மா கிள்ளிய கிள்ளில் மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

மாப்பிள்ளை எழுந்து, கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்த்து, "அதேதான்" என்றார். அவரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்துவிட்டுத் திரும்பினால், இரண்டு பேரும் வானத்தையே பார்க்கவில்லை!

"எங்க ஊர்லேர்ந்து செங்கல்பட்டு ரெண்டாவது ஸ்டேஷன்தாங்க. இந்த பஸ் அலைச்சல் இருக்காது. ரிடையராகற வரைக்கும் ட்ரெயின்லயே ஸ்கூலுக்குப் போய்க்கினு வரலாம்."

"உங்கம்மா?"

"அம்மாகிட்ட பேசிட்டேன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கோடி வருஷமாக யாரும் பார்க்காதது தலைக்கு மேலே பறந்து போகிறது, இவர்கள் உட்கார்ந்து ட்ரெயின் கதை பேசுகிறார்கள்! திட்டலாமென்று கிட்டே போனேன். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு இன்னும் அழுதாள். பாவம், பேச்சு சுவாரசியத்தில் பறக்கும் பல்லியைத் தவறவிட்டுவிட்டாள் என்று எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது.

"அழாத அத்தை, அது நாளைக்கும் வரும்" என்று நான்தான் அவளைச் சமாதானப்படுத்தினேன்.