துள்ளும் தீப்பெட்டி

அந்தமானில் பாம்பூஃப்ளாட்டுக்கும் சாத்தாமுக்கும் இடையே ஓடும் ஃபெரியில் கஸ்பார் இன்ஜின் ட்ரைவர். பகல் முழுக்க இன்ஜினோடு சேர்ந்து அவர் உடம்பும் அதிர்ந்துகொண்டிருக்கும். அதனால்தான், 1973இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மல்லாந்து படுத்தவர், வயிற்றின்மேல் வைத்த தீப்பெட்டி துள்ளுவதைக் கண்டு, சனிக்கிழமை அதிர்வு இன்னும் அடங்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். மனைவி செலின் கை வைத்துப் பார்த்தாள். தொப்புளுக்குச் சற்று மேலே ஏதோ உள்ளங்கையைத் தள்ளியது.

ஃபெரியில் எண்ணெய் போடும் ராஞ்சிக்காரர், "நாபி கிஸக் கயா" என்று தீர்ப்புச் சொன்னார். தொப்புள் இடம் பெயர்ந்துவிட்டதாம். செலினோ குடலேற்றம் என்றாள். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான், எண்ணெய் தேய்த்து வயிற்றை நீவிவிடுவது.

இதற்கிடையில் முதுகுவலிக்கு மருந்து வாங்கப் போன இடத்தில், டாக்டர் வயிற்றை இரண்டு கைகளாலும் மெதுவாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வேறு கதை சொன்னார். நெஞ்சிலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாய், தொப்புளருகே இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. பிரிவதற்கு மேலே அது பலூன்போல உப்பியிருக்கிறது. வெடித்தால் பிழைப்பது அரிது. மெட்ராஸில் வயிற்றைத் திறந்து, துணிக்குழாய் ஒன்றை அங்கே வைத்துத் தைப்பார்கள். அதிலும் எல்லோரும் பிழைப்பதில்லை, முதல் சில நாள்தான் கண்டம்.

உப்பிய ரப்பர் ஹோஸைக் கஸ்பாரும் மாற்றியிருக்கிறார், இன்ஜினை நிறுத்திவிட்டு. இங்கே எதை நிறுத்துவார்கள்? இதயம் ஓடும், குழாயை மட்டும் மேலும் கீழும் கவ்விப் பிடிப்பார்கள் என்றார் டாக்டர். துணியில் ரத்தம் கசியாதா என்று கேட்க நினைத்தவர் கேட்காமலே வந்துவிட்டார். சோறு இறங்குகிறது, ஏணி ஏற முடிகிறது. அப்படிப்பட்டவனைச் சாகப்போகிறவன் என்கிறார்கள். காப்பாற்றும் கத்தியே கொல்லவும் செய்யலாம் என்கிறார்கள்.

செலினையும் கூட்டிக்கொண்டு, தெருவில் குடலேற்றம் நீவுகிற அன்னம்மாளிடம் போய்ப் படுத்தார். எண்ணெய்க் கை வயிற்றில் பட்டது. அப்படியே நின்றது.

"இது குடல் இல்லண்ணே. நான் தொடமாட்டேன்."

"லேசா நீவி விடு, தாயி."

"செலின், இந்த மனுசனக் கப்பல்ல ஏத்து."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். டாக்டரின் பேச்சு செய்யாததை அந்தக் கை செய்தது. அடுத்த மெயின்லேண்ட் கப்பலில் இருவரும் ஏறினார்கள்.

அறுவை முடிந்து, நினைவும் மயக்கமுமாக நாலைந்து நாள் கிடந்தார். கண்டம் தாண்டியாயிற்று என்று செலினிடம் சொன்னார்கள். அன்று காலை தெளிவாகக் கண் விழித்த கஸ்பாரின் கை தானாக வயிற்றுக் கட்டின்மேல் போயிற்று. எதுவும் தள்ளவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"செலின், நின்னு போச்சு."

"எது?"

"துடிக்கிறது. நான் இருக்கேனா?"

"செத்தவுக பேசுவாகளா? சும்மா கெடங்க."

காலுக்கு ரத்தம் போகிறதா என்று பார்க்க வந்த நர்ஸ் செலினின் விரலைப் பிடித்து, கஸ்பாரின் புறங்காலில் ஓரிடத்தில் வைத்தாள். தோலுக்கடியில் சின்னதாக, சீராக ஒரு துடிப்பு. செலின் விரலை எடுக்கவே இல்லை.

"இங்கன இருக்கு" என்றாள்.

"அது எப்பக் காலுக்குப் போச்சு?" என்று கேட்ட கஸ்பார், பதில் வருவதற்குள் தூங்கிப்போனார்.