எங்கள் வீட்டு லைவ் கொலு

தொண்ணூற்றொன்பதில், சான்டா கிளாரா அபார்ட்மென்டில் நான் வைத்த கொலுவை எல்லோரும் பாராட்டினார்கள். ஒருவருக்கும் அது புரியவில்லை.

சென்னையில் சிற்பம் படித்துவிட்டு, வேலைக்குப் போக அனுமதியில்லாத விசாவில் அமெரிக்கா வந்து உட்கார்ந்திருந்தவள் நான். என் கணவருக்கு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. வீட்டுக்கு வருவாரே தவிர, வீட்டில் இருந்தார் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சாப்பிட உட்கார்ந்தால் இடுப்பில் பேஜர் அடிக்கும். பாதி தோசையில் எழுந்து கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். சொன்னால் சண்டை. சொல்லிப் பார்த்து அலுத்துப்போய்த்தான், படித்த படிப்பையாவது பயன்படுத்துவோம் என்று கொலுவில் இறங்கினேன்.

படிகளில் வழக்கமான பொம்மைகள்தான். கீழே, தரையில் பார்க் என்று குளமும் புல்லும் வைப்போமே, அந்த இடத்தில் அவருடைய ஆபீஸை வைத்தேன். அட்டையில் க்யூபிக்கிள் தடுப்புகள், காகிதக் கூழில் ஆட்கள். யாருக்கும் முகம் கிடையாது. வழுவழுவென்று ஒரு உருண்டை மட்டும். ஓரத்தில் ஒரு வீடு. அதில் தட்டோடு நிற்கும் ஒரு பெண், எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆண். அவனுக்கு மட்டும் முகம் வைத்தேன், என் கணவரின் கண்ணாடி, மீசை உள்பட. ஆனால் தலை முழுக்கப் பின்பக்கமாக, ஆபீஸைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அவர் அதைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு ஒரு வேளையாவது என்னோடு உட்கார்ந்து முழுசாகச் சாப்பிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மஞ்சள் குங்குமத்துக்கு வந்தவர்கள் விழுந்து விழுந்து ரசித்தார்கள். "எங்க வீட்டுக்காரர் க்யூபிக்கிளும் இப்படியேதான் இருக்கும். சோ க்யூட்" என்றாள் ஒருத்தி. ஒரு அங்கிள், "டெக்னாலஜியையும் சாமிகிட்ட கொண்டுவந்து வெச்சுட்டியேம்மா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். சரஸ்வதி பூஜையன்று கீபோர்டுக்குப் பொட்டு வைக்கிற கூட்டம் அது. அவர்களிடம் நான் வேறு என்ன எதிர்பார்த்தேனோ தெரியவில்லை. ஓரத்து வீட்டைக் குனிந்து பார்த்த ஒரே ஆன்ட்டி, "இதுக்குத் தலை தப்பா ஒட்டிடுச்சு போல. க்ளூ காயறதுக்குள்ள திருப்பியிருக்கணும்" என்று வருத்தப்பட்டாள். சுண்டலை ஜிப்லாக் பையில் போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

என் கணவரின் நண்பர் ஒருவர்தான், "வெப்கேம் மாட்டுடா, மெட்ராஸ்ல எல்லாரும் பாப்பாங்க" என்று கொளுத்திப் போட்டார். மறுநாளிலிருந்து என் கணவர் விளக்கேற்றும் நேரத்துக்கே வீட்டுக்கு வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. புத்தக அலமாரியில் கேமராவைக் கட்டினார். நிமிஷத்துக்கு ஒரு படம் இன்டர்நெட்டில் ஏறியது. கம்ப்யூட்டர் இருந்தது கொலுவுக்கு எதிர்ச் சுவரை ஒட்டி. "லைட் பத்தல, அந்த விளக்கைக் கொஞ்சம் தள்ளி வெய்யேன்" என்பார், கொலுவுக்கு முதுகைக் காட்டியபடி. மீதி நவராத்திரி முழுக்க இப்படியே போனது.

விஜயதசமியன்று சாயங்காலம், ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை முடிக்கிற நேரத்தில், எனக்குப் பொறுக்கவில்லை.

"இந்தக் கொலுவுல நீங்க இருக்கீங்க. எங்கன்னு பாத்தீங்களா?"

"நானா?" என்று சிரித்தார். நிஜமான ஆவலோடுதான் கேட்டார். "இரு, பாக்கறேன்."

கொலு அவருக்குப் பின்னால், நாலு எட்டு வைத்தால் வந்துவிடும் தூரத்தில் இருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. ஸ்கிரீன் பக்கம் குனிந்து, படத்தைப் பெரிதாக்கி, பொறுமையாக ஒவ்வொரு பொம்மையாகத் தேடினார். அந்தப் பொறுமையைப் பார்க்கப் பார்க்க எனக்குள் ஏதோ விட்டுப்போனது. இவர் கெட்டவர் இல்லை, இனி இவரிடம் சொல்லிப் புரியவைக்க எதுவும் இல்லை என்று தெரிந்தது. அழக்கூட வரவில்லை.

"காணோமே. ஓரம் கட் ஆகுது போல" என்றார். "கேமராவை அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பேன், பாத்துடறேன்."

நான் போய்த் திருப்பினேன்.