உச்சிப்பொழுதில் ஆறும் பெட்டி

அரியூர் நாடு என்ற மலைப்பகுதியில் எங்கள் குடிநீர்ச் சோதனை முகாமில், தண்ணீரில் கிருமி உண்டா என்று வளர்த்துப் பார்க்கும் பெட்டியை மண்ணெண்ணெய் விளக்கு சூடாக வைத்திருக்க வேண்டும். பெட்டியோ தினமும் மதியம் ஆறிப்போனது; நான் சாப்பிட்டுத் திரும்பும்போது விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். இன்னொரு சோதனை கெட்டால் வேலை போய்விடும் என்று மேலதிகாரி எழுதியிருந்தார். கையேட்டின்படி திரி, காற்றுத்துளை, வெப்பமானி எல்லாம் பார்த்தேன், பழுதே இல்லை. ஒருநாள் சாப்பிடப் போகாமல் அங்கேயே உட்கார்ந்தேன். மலைக்கார உதவியாளர் வந்து விளக்கை ஊதி அணைத்தார்.

“என்னங்க இது?”

“உச்சிப்பொழுதாச்சுங்க சாமி. ஏர் மாட்டையே அவுத்து விடுறோம். இது விடியக்காலையில இருந்து உழைக்குதுங்க.”

“ராத்திரி பகலா எரியோணுமுங்க!”

“அப்ப மாத்துக்கு இன்னொண்ணு வாங்குங்க. ஒத்தை மாட்டை இப்படியா வாட்டுவாங்க?”

வாதாடிப் பயனில்லை. இரண்டாம் பெட்டி கேட்டு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் ‘மதிய ஓய்வு’ என்று போட்டேன். மறு தபாலில் அனுமதி வந்தது, பின்னாலேயே பெட்டியும் வந்தது. தினமும் மதியம் ஒரு பெட்டிக்கு ஓய்வு கொடுத்து, கிருமிகளை மற்றதற்கு மாற்றினோம். என் வேலை தப்பியது.