ஹர்த்தால் அன்று கூப்பிட்ட பெயர்

இதைக் கட்டுக்கதை என்பவர்கள் திருவனந்தபுரம் வந்து என் அத்தை மகன் செல்வகணேஷின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுப் போகட்டும். ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டாலே இன்றைக்கும் அவனுக்கு உடம்பு தூக்கிப்போடுகிறது. பயல் பொய் சொல்லத் தெரியாதவன் இல்லை. ஆனால் இதில் பொய் சொல்லி அவனுக்கு ஒரு மண்ணும் கிடைக்கப் போவதில்லை.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவு அவன் பொறுப்பு. பதிவு, டோக்கன், மருந்து எல்லாம் ஒரே டேட்டாபேஸ். அதன் பேக்கப் வெளிநாட்டில் எங்கேயோ சேமிப்பாகும். தேதியும் நேரமும் கொடுத்தால் போதும், டேட்டாபேஸ் அந்த நிமிடத்தில் இருந்த நிலைக்கே திரும்பிவிடும்.

ஒரு வியாழக்கிழமை, விழிஞ்ஞத்திலிருந்து சுசீலாபாய் என்றொரு பெண் காய்ச்சல் என்று வந்தாள். ஊசியை மாற்றிப் போட்டுவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் செத்துப்போனாள். சனிக்கிழமை ஹர்த்தால். ஓ.பி. கிடையாது, ரோட்டில் ஈ காக்கை இல்லை. மேலாளர் சுந்தரராமன் அவனை மட்டும் வரச் சொன்னார்.

"டேட்டாபேஸை வியாழக்கிழமை கார்த்தாலைக்கே கொண்டு போயிடு. அந்தப் பொம்மனாட்டி இங்கே வந்ததாவே இருக்கப்படாது. சிஸ்டம் கேடாயிடுத்துன்னு சொல்லிக்கலாம். பழைய பேக்கப்பையும் அழிச்சுடு."

"ஸார், அது..."

"உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

மனைவி ஷிஜாவுக்கு ஏழாம் மாதம். தலையாட்டினான். தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பு!

ஆளில்லாத ஓ.பி. ஹாலில், பதிவு மேசையில் உட்கார்ந்து காலை ஒன்பது மணி என்று அடித்தான். அவசரத்தில் ஒன்றை மறந்தான். அந்த பேக்கப்புக்குக் கிரீன்விச் மணிதான் கணக்கு. அங்கே ஒன்பது என்றால் நமக்கு மதியம் இரண்டரை. சுசீலாபாய் பதிவு செய்துவிட்டு ஊசிக்காகக் காத்திருந்த நேரம்.

டிங்...

"டோக்கன் அறுபத்திநாலு... சுசீலாபாய்... ஊசி அறை."

ஹால் ஒலிபெருக்கிதான். அவன் பதறவில்லை. டேட்டாபேஸ் பழைய வரிசையைக் கூப்பிடுகிறது, அவ்வளவுதான். தப்பு புரிந்தது. தலையில் அடித்துக்கொண்டு சரியான நேரத்தை அடிக்கத் தொடங்கினான்.

"மக்களே..."

பக்கத்தில் ஒரு பெண் குரல். தைல வாடை.

"என்னையில்லா விளிக்குது. ஊசி போடுத முறி எங்க மக்களே?"

ஹர்த்தால் தெரியாமல் வந்த யாரோ. பாதிதான் காதில் விழுந்தது. வேலையை முடித்துவிட்டு ஓடினால் போதும் அவனுக்கு. நிமிராமலே கையைக் காட்டினான்.

"அந்தா, கடைசி முறி."

சரக்... சரக்... செருப்புச் சத்தம். ஒரு கதவு திறந்தது. மூடியது.

அப்புறம்தான் உறைத்தது. என்னையில்லா விளிக்குது என்றாளே... ஒலிபெருக்கி கூப்பிட்டது சுசீலாபாயை அல்லவா!

ஓடிப் போய்ப் பார்த்தான். ஊசி அறை வெளியே பூட்டியிருந்தது.

உள்ளே யாரோ இருமினார்கள்.

ஒரு தடவை.

பிறகு... சத்தமே இல்லை.

மேசைக்கு ஓடிவந்து, சரியான நேரத்துக்குத் திருப்பினான். பேக்கப்புகளை அழித்தான். வீட்டுக்கு ஓடினான்.

திங்கட்கிழமை சுசீலாபாயின் மகள் ஷெமி வந்தாள். "அப்படி யாரும் இங்கே வரலையேம்மா" என்றார் சுந்தரராமன், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். அவள் அவரைப் பார்க்கவில்லை. செல்வகணேஷையே பார்த்தாள். அவன் கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய நீல நாடாவைப் பார்த்தாள்.

"நான் மருந்து வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தப்போ அம்மைக்கு இழுத்துட்டிருந்துது. அம்மை எங்கிட்ட, ‘ஹால்ல ஒத்த மனுசன் இல்ல மோளே, நீல நாடா போட்ட ஒரு பையன் மட்டும் இருந்தான், அவன்தான் கையக் காட்டி அந்த முறிக்கு விட்டான்’னு சொன்னா. ஆனா அன்னைக்கு ஹால்ல நிக்க இடமில்ல. காய்ச்சல்ல பெனாத்துதான்னு நெனச்சேன். சேட்டா... நீங்கதானா அது?"

வியாழக்கிழமை அவன் லீவு. கல்லாற்றில் ஒரு கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தான். ஊரே பார்த்திருக்கிறது.

உள்ளே ஓடினான். மறுபடி அந்த இரண்டரை மணிக்குப் போக வேண்டும். அவள் வந்து கேட்பாள். அங்க போகாதீங்கம்மா, வீட்டுக்குப் போங்க என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

பேக்கப் சேமிப்பைத் திறந்தான்.

ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் அவனே அழித்திருந்தான்.