பாட்டு துரையின் கடைசி இரண்டு வரி

எரிச்சலில்தான் எழுதுகிறேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கே.கே. நகரில் எங்கள் சபைப் பாடகர் குழுவை நடத்துவது நான். அடுத்த ஞாயிறு நாங்கள் பாடவேண்டிய பாட்டின் கடைசி இரண்டு வரிக்கு மெட்டு தெரியவில்லை. அது இருப்பது ஒரே இடத்தில், ஒரு கல்லறைக் கல்லில். மூன்று வருடம் முன்பு நான் எடுத்த போட்டோவில் அந்த இரண்டு வரி மட்டும் மறைந்துபோயிருக்கிறது. சரி, நேரில் போய் எழுதிக்கொண்டு வந்துவிடலாம் என்று சனிக்கிழமை கிளம்பினேன்.

மாட்டுத்தாவணியில் காலை 7.10 பஸ். கல்லறை இருக்கும் ஊருக்கு 26 கிலோமீட்டர், ஒரு மணி நேரம், 23 ரூபாய். இறங்கியதும் ஷேர் ஆட்டோ 15 ரூபாய். கல்லறைத் தோட்டம் மிஷன் பள்ளிக்குப் பின்னால்.

அங்கே படுத்திருப்பவர் ஸ்காட்லாந்துக்காரர். ஊருக்குள் 'பாட்டு துரை' என்றால்தான் தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் இந்தப் பள்ளியில் பாட்டு வாத்தியார். கூலி வேலை செய்தவர்களின் பிள்ளைகளை நாலு குரலில் பாடவைத்தார். தமிழ்ப் பாட்டுகளுக்கு அவரே மெட்டுப் போட்டார். நோட்டுப் புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டது. கடைசி மெட்டை மட்டும் தன் கல்லறைக் கல்லில் டோ ரே மீ என்ற மேல்நாட்டுச் சுர எழுத்துகளில் வெட்டச் சொல்லியிருந்தார். அதனால் அது ஒன்றுதான் மிச்சம்.

போய்ப் பார்த்தால் கல்லைக் காணோம்! பளபளவென்று கருப்பு கிரானைட். துரையின் பெயர் ஒரு வரி. கீழே 'அன்பளிப்பு' என்று ஒரு குடும்பமே, பேரன் பேத்தி வரைக்கும், பதினொரு பெயர். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அங்கிருந்தே கல்லறைத் தோட்டக் கமிட்டி செயலாளருக்குப் போன் போட்டேன். பழைய கல் கறுத்துப்போச்சாம், வெளிநாட்டுக்காரர் யாராவது வந்தால் அசிங்கமாம். அதில் இருந்தது பாட்டு என்றேன். ஏதோ எழுத்து இருந்துச்சு, இங்கிலீஷும் இல்ல தமிழும் இல்ல என்றார். இந்த மனுசன் சபையில் பாட்டுப் புத்தகம் பிடித்து நிற்கிறவர்!

பழைய கல்லைத் தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் படியாகப் போட்டிருந்தார்கள், எழுத்து அடியில். பதித்த கொத்தனாரே பக்கத்தில் சுவர் பூசிக்கொண்டிருந்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கத்திவிட்டேன்.

"எழுத்து மேல கால் படக் கூடாதுல்லண்ணே, அதான் கவுத்துப் போட்டேன்" என்றார்.

அவரை என்ன சொல்லித் திட்ட? அவரே கடப்பாரை எடுத்துவந்து ஒரு மூலையை நெம்பினார். கல்லின் மேல்தோல் எழுத்தோடு பெயர்ந்து கலவையிலேயே ஒட்டிக்கொண்டது. "வேண்டாம்ணே, நல்ல கலவை போட்டுட்டேன்" என்று நிறுத்திவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

போகிறவர்களுக்கு: திரும்பும் பஸ் 12.20, அதைவிட்டால் மூன்று மணி. தண்ணீர் கொண்டுபோங்கள். இப்படி எழுத்து வெட்டிய கல் எங்கே கண்டாலும் அன்றைக்கே முழுசாகப் படம் எடுங்கள், நீங்கள் தள்ளி நின்று.

கமிட்டியை இம்புட்டு திட்டினேனே, வீட்டுக்கு வந்து அந்தப் பழைய போட்டோவை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே மெட்டு தெளிவாக இருக்கிறது. கீழே, அந்த இரண்டு வரியின்மேல் முதுகைச் சாய்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான்தான்.