ஒரு நாளில் முப்பத்தொரு மணி நேரம்

ராஜலட்சுமி வேலை பார்ப்பது மாநில எல்லையோரம் ஜூஜுவாடிக்குப் பக்கத்தில், மின்னணு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில். சொந்த ஊர் பாகலூர். அப்பா இன்றைக்கும் முட்டைகோஸ் போடுகிறார். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், வேலையில் தமிழ் என்று மூன்றும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. பி.சி.ஏ. முடித்த கையோடு கேபிள் இழுக்கிற ஆட்களுடன் ஏணியேறித் தொழில் கற்றவள். இப்போது தொழிற்சாலைக்கும் அதன் பின்னால் இருக்கும் பெண்கள் விடுதிக்கும் நெட்வொர்க் முழுவதும் அவள் பொறுப்பு.

விடுதியின் சுவர்களுக்குள் செல்போன் சிக்னல் சரியாக வராது. வைஃபைதான் ஒரே வழி. அதில் நுழைய ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பயனர் பெயர், ஒரு கடவுச்சொல். கொடுத்த பெயர் சரிதானா என்று பார்த்து உள்ளே விடுவதற்கென்றே ஒரு சர்வர் இருக்கிறது. யார் எப்போது நுழைந்தார், எப்போது வெளியேறினார், எவ்வளவு டேட்டா செலவானது என்பதையும் அதுவே பதிந்துகொள்ளும். காலையில் வந்ததும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பதிவுகள் உள்ள பக்கத்தைத் திறந்து பார்ப்பது ராஜலட்சுமியின் வழக்கம். எங்கே நெரிசல், எந்தத் தளத்தில் கருவி மக்கர் பண்ணுகிறது என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும்.

அந்தப் பக்கத்தைப் பார்க்க மனிதவள மேலாளர் மோகன்குமாருக்கும் அனுமதி இருந்தது. ராஜலட்சுமிக்கு முன்பு இருந்தவர் கொடுத்துவிட்டுப் போனது. ஒரு வாரமாக அசெம்பிளி லைனில் பிழைகள் கூடியிருந்தன. பெண்கள் தூங்காமல் படம் பார்ப்பதுதான் காரணம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். ஒரு காலையில் ராஜலட்சுமியைக் கூப்பிட்டார்.

"பாத்தியாம்மா? பூங்கொடின்னு ஒரு பொண்ணு. எல்லாத்துக்கும் மேல நிக்கிறா. இவள வீட்டுக்கு அனுப்பிட்டா மத்ததுங்களுக்குப் புத்தி வரும். அப்பறம், பத்து மணிக்கு மேல நெட்ட நிறுத்திடு."

ராஜலட்சுமி திரையைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"சார், நேத்து ஒரு நாள்ல அந்தப் பொண்ணு எத்தன மணி நேரம்னு போட்டிருக்குது?"

"முப்பத்தொண்ணு." சொல்லி முடித்ததும் அவரே நிறுத்தினார். "அது எப்படி?"

"ஒரே பேர்ல நாலஞ்சு போன் உள்ள வந்திருக்குதுங்க சார். எல்லாத்தையும் கூட்டிக் காட்டுது. போன் சும்மா கெடந்தாலும் மணி ஓடும். யாரையும் அனுப்ப வேணாம். நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

மத்தியானம் விடுதிக்குப் போனாள். பூங்கொடி தென்மாவட்டத்திலிருந்து வந்த பெண், சங்கரன்கோவில் பக்கம். காவலாளி மூலம் சேதி ஏற்கெனவே எட்டிவிட்டிருந்தது. அழுது முகம் வீங்கியிருந்தது. பெட்டியைக்கூடக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து வைத்திருந்தாள்.

"என்னைய அனுப்பிருவாவளாக்கா?"

"யாரும் அனுப்பல. பெட்டிய உள்ள தள்ளு மொதல்ல. உன் பாஸ்வேர்ட யாருக்குக் குடுத்த?"

பூங்கொடி தயங்கினாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்தான் வாயைத் திறந்தாள். "எங்களுக்குத்தான்க்கா. நாங்க நாலு பேரு புதுசா வந்தோம். பயிற்சி முடிஞ்சு ஐடி கார்டு வந்தாத்தான் நெட்டுன்னுட்டாங்க. அதுக்கு ரெண்டு மாசம் ஆவுமாம். எங்கம்மா தெனம் அழுவுதுக்கா. அதான் பூங்கொடி குடுத்துச்சு."

"வீட்டுல பேசாம எப்படிக்கா இருப்பாவ?" என்றாள் பூங்கொடி. "கேட்டாவ, குடுத்தேன். தப்புன்னா என்னைய மட்டும் சொல்லுங்க."

ராஜலட்சுமி கட்டிலில் உட்கார்ந்தாள். பாஸ்வேர்டை இன்னொருவருக்குக் கொடுப்பது தப்புத்தான், நாளைக்கு வேறு யாராவது ஏதாவது செய்துவிட்டால் மாட்டிக்கொள்வது நீதான் என்று ஒளிக்காமல் சொன்னாள். ஆனால் ராஜலட்சுமியை அதிகமாகச் சுட்டது வேறு. சர்வரில் புதுப் பெயர் ஒன்று சேர்க்க ஒரு நிமிடம் போதும். அதற்கு இந்தப் பிள்ளைகள் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்தது?

மறுநாள் கூட்டத்தில் மோகன்குமாரும் விடுதிப் பொறுப்பாளர் கெம்பம்மாவும் இருந்தார்கள். ராஜலட்சுமி ஒரு படத்தைத் திரையில் போட்டாள். விடுதி முழுவதற்கும் மணிவாரியாக எவ்வளவு பயன்பாடு என்ற கோடு மட்டும். பெயர்கள் எதுவும் இல்லை.

"பேரெல்லாம் எங்க?" என்றார் மோகன்குமார்.

"அது வேணாங்க சார். இதப் பாருங்க. ஒவ்வொரு ஷிப்ட்டு முடிஞ்ச ஒடனே கோடு ஏறுது, கொஞ்ச நேரத்துல எறங்கிடுது. ராத்திரி பதினோரு மணிக்கு ஏறுறது ரெண்டாவது ஷிப்ட்டு விட்டு வர்றவங்க. பத்து மணிக்கு நிறுத்தினா அவங்க வீட்டுக்குப் பேசவே முடியாது."

"படம் பாக்கறவங்களும் இருக்காங்கல்ல?"

"இருக்காங்க. இல்லன்னு சொல்லல. அதுக்கு வீடியோ வேகத்தக் கொறைக்கலாம், பேசறத நிறுத்தாம."

"இருந்தாலும் யாரு எப்போ தூங்கறான்னு நமக்குத் தெரிய வேணாமா?"

"நம்ம வீட்டுல எப்போ லைட்ட அணைக்கறோம்னு யாராச்சும் எட்டிப் பாத்தா நமக்கு எப்படி இருக்கும் சார்? இந்தக் கணக்கு நெட்டு ஓடுதான்னு பாக்கறதுக்கோசரம் வச்சது. ஆளப் பாக்கறதுக்கு இல்ல."

கெம்பம்மா குறுக்கிட்டாள். "லைன்ல தப்பு வர்றது போன வாரம் புதுசா வந்த பசங்களாலன்னு சூப்பர்வைசரே சொன்னாரு சார். கத்துக்க நாளாவும்."

மோகன்குமார் முழுசாக இறங்கி வரவில்லை. நள்ளிரவுக்கு மேல் வீடியோ வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்றார். ராஜலட்சுமி ஒத்துக்கொண்டாள். பதிலுக்கு இரண்டு காரியம் கேட்டு வாங்கினாள். விடுதிக்கு வருகிற பெண்ணுக்கு வந்த அன்றைக்கே சொந்தப் பெயரில் இணைப்பு. பெயரோடு உள்ள பக்கத்தைப் பார்க்கும் அனுமதி நெட்வொர்க் பிரிவுக்கு மட்டும். அன்று சாயங்காலமே மேலாளரின் அனுமதியை அவளே நீக்கினாள், அவருக்குச் சொல்லிவிட்டுத்தான்.

வேகம் குறைந்ததில் விடுதியில் சிலர் முணுமுணுத்தார்கள். "நெட்டக்கா நம்ம படத்துல கை வச்சிட்டாங்க" என்று காது கேட்கவே சொன்னார்கள். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னும் ஒன்று செய்தாள். ஒவ்வொருவரும் தன் கணக்கை மட்டும் தன் போனிலேயே பார்க்கும்படி ஒரு பக்கம் அமைத்தாள். அதை முதலில் பூங்கொடிக்குத்தான் திறந்து காட்டினாள். பூங்கொடி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நாலு பேருக்கும் தனித்தனிப் பெயர் கிடைத்த பிறகு, பேசி முடித்ததும் வைஃபையை அணைத்துவிடுகிற அவள் பங்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைக்கூடத் தொடவில்லை.

"இம்புட்டுத்தானாக்கா நானு?" என்று கேட்டுவிட்டு, அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டாள்.